வங்கி அட்டைக்கு வாடகை

லூமுட் இடைநிலைப்பள்ளி ஒன்றில் ஐந்தாம் படிவ மாணவர்களிடம் தொழில்நுட்பம் பற்றிப் பேசப் போயிருந்தேன். ஒரு பையன் கேட்டான்: "சார், ஏடிஎம் கார்டைக் கொடுத்தா மாசம் முந்நூறு வெள்ளி தர்றாங்களாம். கொடுக்கலாமா?"

கூடவே கூடாது, தம்பி. மோசடிக் கும்பல் சுருட்டும் பணம் இப்படி வாங்கிய கணக்குகள் வழியாகத்தான் கைமாறுகிறது. போலீஸ் வந்தால் முதலில் சிக்குபவர் கணக்குக்காரர்.

இப்படிப்பட்ட ஆசைவார்த்தைகள் சமூக ஊடகம் வழியாகவும் வரலாம். அதற்குப் பதினாறு வயது வரம்பை ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் இந்தப் பையனுக்கு வயது பதினேழு; அந்த வரம்பு இவனைக் காக்காது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கு முந்நூறு வெள்ளி பெரிய தொகை; அதைத் தெரிந்துதான் வலை வீசுகிறார்கள்.

ஏமாந்தவர்கள் உடனே அழைக்க மலேசியாவில் 2022 முதல் 997 என்ற எண் இருக்கிறது. வகுப்பில் பலருக்கு அது தெரியவில்லை. எஸ்பிஎம் தேர்வுக்கு முன் ஒவ்வொரு பள்ளியும் இந்த மோசடி பற்றிச் சொல்ல ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும். பெற்றோரையும் கூப்பிட வேண்டும்.