நாக்கு அறியாத நஞ்சு

சித்தூரிலும் திருப்பதியிலும் மதுக் கடைப் பலகைகளில் "ஒயின்ஸ்" என்ற சொல்லைப் பரவலாகப் பார்க்கலாம். உள்ளே பெரும்பாலும் விற்பனையாவதோ பிராந்தி, விஸ்கி, பீர். ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து எடுப்பது; அதில் ஆல்கஹால் சுமார் 12 சதவீதம். கடைப் பிராந்தியில் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டர் ஒன்றைக் குடிப்பவர், ஏறத்தாழ 640 மில்லி ஒயினில் உள்ள ஆல்கஹாலைக் குடித்துவிடுகிறார்.

ஒயினைச் சுவைத்துத் தரம் சொல்வது மேல் நாடுகளில் ஒரு தொழில். நாசிக் திராட்சைத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கும் இதைக் கற்றுத் தருகிறார்கள். புதிதாகக் கற்பவருக்குப் பாடம் மூன்று: வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பது, சுழற்றி மணம் பார்ப்பது, ஒரு வாய் எடுத்து நாக்கில் புரட்டிச் சுவை பார்ப்பது. தொழில் முறையில் சுவைப்பவர்கள் அதை விழுங்குவதுகூட இல்லை, துப்பிவிடுவார்கள்.

குவார்ட்டர் வாங்குபவரும் தமக்குத் தெரிந்த அளவில் இதே பரீட்சையைச் செய்கிறார். நிறம், வாடை, தொண்டையில் இறங்கும் காரம் ஆகியவற்றைப் பார்த்து "நல்ல சரக்கு" என்று தீர்ப்புச் சொல்கிறார். இந்தத் தீர்ப்பு செல்லாது. மலிவு மது பெரும்பாலும் வெறும் ஸ்பிரிட்டில் நிறமும் எசென்சும் சேர்த்துத் தயாராவது. கம்பெனி சேர்ப்பதைப் போலிக்காரனும் சேர்க்க முடியும். கொடிய விஷமான மெத்தனாலோ, வாடையிலும் சுவையிலும் சாதாரண ஆல்கஹாலைப் போலவே இருக்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கு மேற்பட்டோரைக் கொன்றது. அவர்களுடைய நாக்கு அவர்களை எச்சரிக்கவில்லை.

ஆந்திராவில் 2019 அக்டோபரில் மதுக் கடைகளை அரசே ஏற்று நடத்தத் தொடங்கியது. அரசு மாறிய பின், 2024 அக்டோபர் 16 முதல் 3,396 தனியார் கடைகள் வந்தன. 99 ரூபாய்க்குக் குவார்ட்டரும் வந்தது. விலை குறைந்தால் கள்ளச் சரக்கு ஒழியும் என்பது எதிர்பார்ப்பு. ஓராண்டு நிறைவதற்குள், 2025 அக்டோபர் தொடக்கத்தில், பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த முலகலசெருவில் போலி மது தயாரிக்கும் ஆலையே பிடிபட்டது. காரணம் எளிது. மதுவின் விலையில் கணிசமான பகுதி வரி. வரி கட்டாதவனுக்கு 99 ரூபாயிலும் லாபம் உண்டு.

அரசு விசேஷப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. புட்டியில் உள்ள குறியீட்டைக் கைபேசியில் சோதித்து அறிய "சுரக்ஷா" என்ற செயலியையும் கொண்டுவந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது முத்திரை உடையாத புட்டிக்கே காவல். பெல்ட் கடையில் தம்ளரில் ஊற்றி வாங்குபவருக்கு அது உதவாது. கைபேசி இல்லாத கூலித் தொழிலாளிக்கும், தெலுங்கு படிக்கத் தெரியாத தமிழருக்கும் உதவாது. நகரி, சத்தியவேடு, குப்பம் போன்ற தமிழர் மிகுந்த பகுதிகளில், சோதிக்கும் முறையைத் தமிழிலும் எழுதி ஒவ்வொரு கடையிலும் வைக்க உத்தரவிடலாம். இதற்குப் பெரிய செலவு இல்லை.

குடிக்காமல் இருப்பதே உத்தமம். அதைக் கேளாதவர்களும் இரண்டு விஷயங்களை அறிந்திருக்க வேண்டும். முத்திரையிட்ட, சோதித்த புட்டியைத் தவிர வேறு எதையும் தொடக் கூடாது. குடித்த மறுநாள்கூடப் பார்வை மங்கினாலோ, வயிறு வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, "தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும்" என்று படுக்கக் கூடாது. மெத்தனாலின் விஷம் பல மணி நேரம் கழித்தே வேலை செய்யும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்தும், ரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிஸிசும் உயிரையும் கண்ணையும் காப்பாற்றக் கூடும். என்ன குடித்தோம் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் விஷத்துக்கே சாதகம்.