எதிர்மின்னிக்கு ஆங்கிலமா தாய்மொழி?



வடவெல்லைக்காகப் போராடிச் சிறை புகுந்து, 1960இல் திருத்தணியை மீட்டோம். மண் வந்தது. ஆனால் அதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குள் தமிழ் நுழைந்ததா? அப்பேட்டையை மக்கள் வழங்கும் பெயரே, அரசுக் கழகம் ஒன்றின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளைக் கோத்த 'சிப்காட்' அன்றோ! மண்ணை மீட்டோம், வாயை இழந்தோம்!

"நுண்மின்னணுவியலைத் தமிழில் சொல்ல முடியாது" என்று பிதற்றுவார் இன்றும் உளர். இதோ, சொல்லிக் காட்டுகின்றோம். செவி திறந்து கேட்கட்டும்!

ஒற்றை எதிர்மின்னிக் கருவி என்பது மாழையாலான மிகச் சிறு தீவு. அதன் இருபுறமும் மின்கடத்தாப் பொருளின் மெல்லிய சுவர்கள். எதிர்மின்னி அச்சுவரை ஊடுருவித் தீவினுள் புகும். ஒன்று புகுந்தபின் அடுத்தது புகக் கூடுதல் ஆற்றல் வேண்டும்; அஃதில்லையேல் வழி அடைபடும். அருகிலுள்ள வாயில்முனையின் மின்னழுத்தத்தை மாற்றினால் வழி திறக்கும். எதிர்மின்னிகள் ஒவ்வொன்றாய்ச் செல்லும். 1987இல் அமெரிக்கப் பெல் ஆய்வகத்தில் புல்டனும் தோலனும் இதனைக் கடுங்குளிரில் செய்து காட்டினர். அறை வெப்பத்திலும் இயங்க வேண்டுமாயின், மீட்டரை நூறு கோடியாய்ப் பகுத்த கூறுகளில் ஒருசில அளவிற்குத் தீவு சுருங்க வேண்டும். இல்லையேல் வெப்பத்தின் துடிப்பே அடைப்பைத் தகர்த்துவிடும்.

எதிர்மின்னி எப்பொழுது தாவும் என்பது வாய்ப்பைப் பொறுத்தது. ஆகவே கருவியைச் செய்யுமுன், தாயக்கட்டை உருட்டுவதுபோல் கணிப்பொறிக்குள் எண்களை உருட்டி, ஒவ்வொரு தாவலையும் போலச்செய்து பார்க்கின்றனர். வியன்னாத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான 'சைமன்' என்னும் செயலியின் பணி இதுவே. பயன் என்ன? மின்னோட்ட அலகாகிய ஆம்பியர், 2019 முதல் எதிர்மின்னியின் மின்னூட்டத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகின்றது. எதிர்மின்னிகளை எண்ணி அனுப்பும் இவ்வகைக் கருவிகள் அதற்கு அளவுகோலாக அமைகின்றன.

எங்கே இடறிற்று தமிழ்?

இப்போலச்செய்தலுக்குப் பல்லாயிரங்கோடி உருவா ஆலை வேண்டா. கணிப்பொறியும் கணக்கறிவும் போதும். பொன்னேரியில் அமர்ந்தும் செய்யலாம். ஆனால் கும்மிடிப்பூண்டி உலைக்கூடத் தொழிலாளியின் மகன், தமிழில் இயற்பியல் கற்றுத் தேறியவன், பொறியியற் கல்லூரி வாயிலிலேயே ஊமையாக்கப்படுகின்றான்! அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது, கட்டடப் பொறியியலுக்கும் எந்திரவியலுக்குமே இடம் தந்தது. மின்னணுவியலை வெளியே நிறுத்தியது. 'எதிர்மின்னி' என்னும் நற்சொல் இருக்கப் பள்ளி நூல்களோ 'எலக்ட்ரான்' என்றே ஓதுகின்றன.

ஈழத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் நூலாக்கிக் கற்பித்தார். அயலவர்க்கு இயன்றது நமக்கு இயலாதா? இயலாமை மொழியினது அன்று, ஆள்வோர் உள்ளத்தினது!

மின்னணுவியலும் தமிழில் கற்பிக்கப்பட வேண்டும். தொழிலகப் பொறிகளின் குறிப்பும் எச்சரிக்கைப் பலகையும் தமிழில் நிற்க வேண்டும். தமிழறிந்த பொறியாளர் ஒவ்வொருவரும் தம் துறைநூல் ஒன்றையேனும் தமிழாக்க வேண்டும். எதிர்மின்னிக்குத் தாய்மொழி இல்லை. அதனை ஆளப்போகும் நம் பிள்ளைக்கு உண்டு! எழுமின்!