பைலட் லீவு போட்டால் நமக்கென்ன?

ஆபீஸ் போகிற ஒருவருக்கு ஜலதோஷம் பிடித்தால் என்ன செய்வார்? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, வழக்கமான பஸ்ஸில் ஏறிவிடுவார். தும்மிக்கொண்டே கணக்குப் பார்த்ததில் ஒரு கூட்டல் தப்பிப்போனால்கூட மறுநாள் திருத்திக்கொள்ளலாம். யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

அதே ஜலதோஷம் விமானம் ஓட்டுகிறவருக்கு வந்தால்? அவர் அன்றைக்கு வேலைக்குப் போகவே கூடாது!

காரணம் இதுதான். நம் நடுக்காதிலிருந்து மூக்கின் பின்பக்கம் வரை ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காற்றழுத்தம் மாறுமில்லையா? அப்போது அந்தக் குழாய் திறந்து மூடி அழுத்தத்தைச் சமன் செய்துகொள்ளும். சளி அடைத்திருந்தால் அது நடக்காது. கீழே இறங்கும் நேரம் பார்த்து காதில் ஊசியால் குத்துவதுபோல வலிக்கும். சிலருக்குத் தலைசுற்றும். செவிப்பறையே கிழிந்துபோவதும் உண்டு. விமானத்தைத் தரையிறக்குகிற அந்தச் சில நிமிடங்கள்தான் பைலட்டின் முழுக் கவனமும் தேவைப்படுகிற நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, மாத்திரை போட்டுக்கொண்டு போகலாமே என்றால், அதுவும் ஆகாது. ஜலதோஷ மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரவழைக்கும் மருந்து இருக்கிறது.

அதனால்தான், 'உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் பைலட் தானாகவே ஒதுங்கிக்கொள்ள வேண்டும்' என்று உலகம் முழுக்க விதி வைத்திருக்கிறார்கள். அருமையான விதி. ஆனால் ஒதுங்கிக்கொள்கிறவருக்கு அந்த மாதம் சம்பளம் என்ன ஆகும்? ஒரு வருஷம் ஒதுங்க நேர்ந்தால்? ஒரேயடியாக ஒதுங்க நேர்ந்தால்? இந்தக் கேள்விகளைப் பொறுத்துத்தான் அந்த நல்ல விதி நடைமுறையில் நிற்கும், அல்லது விழும் என்பது என் கட்சி.

பிழைப்பே ஒரு சர்டிபிகேட்டில்!

பைலட்டுக்கு லைசென்ஸ் மட்டும் இருந்தால் போதாது. கூடவே மருத்துவச் சான்றிதழ் உயிரோடு இருக்க வேண்டும். குறைந்தது வருஷத்துக்கு ஒரு முறை, 60 வயதைத் தாண்டினால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, கண், காது, இதயம், ரத்தம் என்று எல்லாவற்றையும் பரிசோதிப்பார்கள். நம் நாட்டில் இதை நடத்துவது டி.ஜி.சி.ஏ. என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகம். ஏதாவது குறை தென்பட்டால் 'தற்காலிகத் தகுதியின்மை' என்று எழுதுவார்கள். சிகிச்சை எடுத்து, மறுபடி பரிசோதனைக்கு வந்து, பாஸான பிறகுதான் காக்பிட்டுக்குள் கால் வைக்கலாம். குணமாகாது என்றால் 'நிரந்தரத் தகுதியின்மை'. அதோடு பறப்பது முடிந்தது.

இதில் ஒரு வினோதம் உண்டு. சிறுநீரகத்தில் ஒரு சின்னக் கல். வலியே இல்லை. பாங்க் ஊழியருக்கு அப்படி இருந்தால் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டு வேலையைப் பார்ப்பார். பைலட்டுக்கு இருந்தால் தரையில் உட்கார வேண்டியதுதான். முப்பதாயிரம் அடி உயரத்தில் திடீரென்று அந்தக் கல் நகர்ந்தால் துடித்துப்போய்விடுவாரே! பார்த்தால் நல்ல ஆரோக்கியமான மனிதர். சட்டப்படி மாற்றுத்திறனாளியும் இல்லை. ஆனால் தெரிந்த ஒரே தொழிலைச் செய்ய முடியாது.

அவருடைய சம்பளத்தையும் பாருங்கள். நிலையான தொகை கொஞ்சம், பறந்த மணிக்கணக்குக்கு ஏற்ற தொகை மீதி என்பதுதான் பல கம்பெனிகளில் வழக்கம். பறக்கவில்லை என்றால் அந்த மீதி வராது. பைலட் படிப்புக்கு ஐம்பது லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. பல குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துத்தான் பிள்ளையைப் பறக்க அனுப்புகின்றன. கடன் தவணை மட்டும் லீவு எடுத்துக்கொள்ளாது!

2015 மார்ச் 24

ஸ்பெயினின் பார்சிலோனாவிலிருந்து ஜெர்மனியின் டுஸல்டார்ஃப் நகருக்குப் புறப்பட்டது ஜெர்மன்விங்ஸ் விமானம். வழியில் கேப்டன் காக்பிட்டை விட்டு வெளியே வந்தபோது, 27 வயதான துணை விமானி உள்ளே தாழிட்டுக்கொண்டார். விமானத்தை வேண்டுமென்றே பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில் மோதினார். 150 பேரும் இறந்தார்கள்.

அவர் வீட்டில் சோதனை போட்டபோது கிழித்துப் போடப்பட்ட மெடிக்கல் சர்டிபிகேட்டுகள் கிடைத்தன. 'இவர் வேலைக்குப் போகக்கூடாது' என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்தார். அவர் அதைக் கம்பெனிக்குக் காட்டவே இல்லை.

இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஜெர்மனியில் நோய் விடுப்பு எடுத்தால் முதல் ஆறு வாரம் முழுச் சம்பளம் உண்டு. அதற்குப் பிறகும் மருத்துவக் காப்பீட்டிலிருந்து ஒரு பகுதி வரும். என்ன நோய் என்று முதலாளியிடம் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. அப்படி இருந்தும் ஏன் மறைத்தார்?

விபத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அமைப்பு 2016 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையில் இதற்கு விடை தேடியிருக்கிறது. பயிற்சிக் காலத்திலேயே மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர் அவர். 'நோய் திரும்பினால் தகுதி போய்விடும்' என்ற நிபந்தனையோடுதான் சான்றிதழ் கிடைத்திருந்தது. பயிற்சிக்காக வாங்கிய கடன் சுமார் 41,000 யூரோ. நிரந்தரமாகப் பறக்க முடியாமல் போனால் கம்பெனிக் காப்பீட்டில் ஒரே ஒரு தடவை சுமார் 58,000 யூரோ கிடைக்கும். அதற்கு மேல், வருங்கால வருமானத்துக்கென்று அவர் கையில் தனிக் காப்பீடு எதுவும் இல்லை. அதாவது, பத்து நாள் லீவுக்கு வழி இருந்தது. வாழ்நாள் நஷ்டத்துக்கு வழி இல்லை.

காப்பீடு இருந்திருந்தால் 150 பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் நோய் ரொம்ப முற்றியிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்கள் எல்லாரும் ஆபத்தானவர்கள் என்றும் தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர்கள். ஆனால் அந்த விசாரணை அமைப்பே தன் பரிந்துரைகளில் ஒன்றாக, 'உடல்நலம் காரணமாக லைசென்ஸை இழக்கும் பைலட்டின் பொருளாதாரப் பாதிப்பைக் குறைக்க கம்பெனிகள் வழி செய்ய வேண்டும்' என்று சொன்னது. பயணிகளின் பாதுகாப்பைப் பற்றிய அறிக்கையில் பைலட்டின் சம்பளத்துக்கு இடம் கிடைத்தது சும்மா இல்லை.

பாதிப்பேருக்கு மேல்...

அமெரிக்காவில் 3,765 பைலட்டுகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2022-ல் வெளிவந்தது. சான்றிதழ் போய்விடுமோ என்ற பயத்தில் டாக்டரிடம் போவதைத் தவிர்த்தது, தகவலை மறைத்தது போன்றவற்றைச் செய்ததாக 56 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். பாதிக்கு மேல்!

அந்த நாட்டில் 2010 வரை மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் பறக்கவே முடியாது. அந்த வருஷம்தான் நான்கு மருந்துகளை மட்டும், கடும் நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள். ஐரோப்பாவில் 2018-ல் போட்ட விதிப்படி, பைலட்டுகள் தங்கள் சக பைலட்டுகளிடமே மனம் விட்டுப் பேசி உதவி கேட்கும் ஏற்பாட்டை விமானக் கம்பெனிகள் செய்தாக வேண்டும். பயத்தைக் குறைத்தால்தான் உண்மை வெளியே வரும் என்பதை அவர்கள் தாமதமாகவாவது புரிந்துகொண்டார்கள்.

நம் நாட்டில்?

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. நோய்வாய்ப்பட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீத சம்பளம். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80 சதவீதம் வீதம் இரண்டு வருஷம் வரைகூட உண்டு. பைலட் இந்த வரம்புக்கு வெளியே.

அரசு ஊழியருக்கு இன்னொரு பாதுகாப்பு. பணியில் இருக்கும்போது உடல் ஊனம் ஏற்பட்டால் அவரை வேலையை விட்டு அனுப்பக்கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை தர வேண்டும் என்கிறது 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். ஆனால் அந்தப் பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்துக்குப் போன பிறகு, நம் பைலட்டுகளில் மிகப் பெரும்பாலோர் தனியார் ஊழியர்கள். தற்காலிகத் தகுதியின்மைக் காலத்தில் என்ன கிடைக்கும் என்பது, அவரவர் கம்பெனி ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான்.

2025 ஜூன் 12-ல் நடந்த ஆமதாபாத் விபத்தை யாரும் மறந்திருக்க முடியாது. 260 உயிர்கள். அதற்கு நான்கு நாள் கழித்து, ஜூன் 16 அன்று, ஏர் இந்தியாவில் 112 பைலட்டுகள் உடம்பு சரியில்லை என்று தெரிவித்ததாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. 'இதென்ன பொறுப்பில்லாத்தனம்' என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட வேலை பார்த்தவர்கள் கருகிப்போன நாலாவது நாள், 'என் மனசு சரியில்லை, இன்றைக்கு ஓட்ட மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால், அவர்தான் பொறுப்பானவர்.

அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. பைலட்டுக்கு வாரம் 48 மணி நேரத் தொடர் ஓய்வு தர வேண்டும், அவர் எடுக்கும் லீவை அந்த ஓய்வுக்குப் பதிலாகக் கணக்கு வைக்கக்கூடாது என்று டி.ஜி.சி.ஏ. சொல்லியிருந்தது. டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி, விமான நிலையங்களில் கூட்டம் அலைமோதியபோது, லீவைப் பற்றிய அந்த உத்தரவை 5-ம் தேதி வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜுரத்தில் படுத்துக் கிடந்ததும் ஓய்வும் ஒன்றா? வீட்டில் இருக்கும் பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்!

'ஏமாற்றுகிறவர்களும் இருப்பார்களே?'

நியாயமான கேள்விதான். 2009 செப்டம்பரில் ஜெட் ஏர்வேஸ் பைலட்டுகள் நூற்றுக்கணக்கில் ஒரே சமயத்தில் 'உடம்பு சரியில்லை' என்றார்கள். 2012-ல் ஏர் இந்தியா பைலட்டுகளும் அதே வழியில் ஆரம்பித்து 58 நாள் வேலைக்கு வரவில்லை. தவித்தது பயணிகள். இதை நான் ஆதரிக்கவே மாட்டேன். லீவு லெட்டரைப் போராட்ட ஆயுதமாக்கினால், நிஜமாகவே நோய்வாய்ப்பட்ட அடுத்த ஆளின் லெட்டரையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

ஆனால் அது தொழில் தகராறு. பேச்சுவார்த்தையிலும் கோர்ட்டிலும் தீர்க்க வேண்டியது. அதைக் காரணம் காட்டி, தனியாக ஒருவர் லீவு கேட்கும்போதெல்லாம் முறைப்பதும், பதவி உயர்வில் அதைக் குறையாக எழுதுவதும் யாருக்கு ஆபத்து? பின்னால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்குத்தான்.

'லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவருக்கு என்னய்யா பரிதாபம்?' என்றும் கேட்கலாம். பரிதாபமே வேண்டாம். இதை நம் சுயநலமாகவே வைத்துக்கொள்வோம்.

என்ன செய்யலாம்?

ஒன்று: தற்காலிகத் தகுதியின்மைக் காலத்தில், பறக்கும் படியில் ஒரு பகுதியையும் சேர்த்து, குறைந்தபட்ச சம்பளத்தை டி.ஜி.சி.ஏ. விதியாகவே ஆக்க வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறக்கூடாது.

இரண்டு: லைசென்ஸ் இழப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரே தடவை தரும் தொகை மட்டும் போதாது. மாதாமாதம் வருமானம் வர வேண்டும். மனநோயை அதிலிருந்து ஒதுக்கிவைக்கக் கூடாது. டிக்கெட் விலை கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

மூன்று: நிரந்தரமாகப் பறக்க முடியாதவருக்குப் பயிற்சி வகுப்பு, சிமுலேட்டர், பாதுகாப்புப் பிரிவு என்று தரையில் வேலை தர வேண்டும். அவருடைய அனுபவம் வீணாகக் கூடாது.

நான்கு: மனசு விட்டுப் பேசப் பயமில்லாத இடம் வேண்டும். 2023-ல் டி.ஜி.சி.ஏ. மனநலம் பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சக பைலட்டுகளின் உதவிக் குழுவும் அதில் வருகிறது. 'சொன்னால் பிழைப்பு போகாது' என்ற உறுதி இல்லாமல் அங்கே போய் யார் வாயைத் திறப்பார்கள்?

உங்கள் வீட்டில் பைலட் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் இன்று மாலை உங்கள் இன்ஷூரன்ஸ் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். நம்மில் பலர் வைத்திருக்கும் தனிநபர் விபத்து பாலிசி, விபத்தால் வரும் பாதிப்புக்கு மட்டும்தான் பணம் தரும். நோயால் ஒரு வருஷம் படுத்தால் எங்கிருந்து பணம் வரும் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். லாரி ஓட்டுகிறவர், பஸ் ஓட்டுகிறவர், மெஷினில் நிற்கிறவர் இருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு ரொம்ப ரொம்ப அவசியம்.

அடுத்த முறை விமான நிலையத்தில், 'பைலட்டுக்கு உடல்நலம் சரியில்லை, ஒரு மணி நேரம் தாமதம்' என்று அறிவித்தால் கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு காபி குடித்துவிட்டு வந்து உட்காருங்கள். யாரோ ஒருவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதற்காக அவருக்குச் சம்பளம் வெட்டப்படாமல் இருக்க வேண்டுமே என்பதுதான் நம் கவலையாக இருக்க வேண்டும்.