கூரை கேட்காத சாமி

திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று போற்றுகிறோம். ஆழ்வார்கள் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அந்தக் காயா மரத்தைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், பஜனை மடத்தில்கூட நாலு கை எழுவது கஷ்டம். மரக்காணம் தாண்டிப் புதுச்சேரிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு என்று ஓர் ஊர். அங்கே அய்யனார் கோயிலைச் சூழ்ந்த காட்டில் காயா இருக்கிறது. உயரமில்லாத மரம்தான். பூக்கிற பருவத்தில் கிளையோடு கிளையாக நீலம் மொய்த்துக் கிடக்கும். பெருமாளின் நிறத்தை அய்யனார்தான் காபந்து பண்ணி வைத்திருக்கிறார்.

சோழமண்டலக் கடற்கரை நெடுக ஒரு காலத்தில் இந்த மாதிரிக் காடு இருந்தது. வருஷத்தில் பாதிக்கு மேல் வறண்டு கிடக்கும் மண்; ஆனாலும் இலை உதிர்க்காத மரங்கள். தாவரவியல்காரர்கள் ‘உலர் பசுமைமாறாக் காடு’ என்பார்கள். வீரை, உலக்கைப்பாலை, காயா எல்லாம் அதன் பிள்ளைகள். விறகுக்கும் வயலுக்கும் முந்திரித் தோப்புக்கும் போனது போக, இன்று மிஞ்சியிருக்கிற துண்டுகளில் பல கோயில்காடுகள்தான். 1968-இல் செம்மண் பொட்டலில் தொடங்கிய ஆரோவில்லில், இந்த மண்ணுக்கே உரிய மரங்களை மறுபடி வளர்க்க நினைத்தவர்கள் விதைக்காகப் போய் நின்றதும் இப்படிப்பட்ட கோயில்காடுகளில்தான்.

இதை ஊர்க்காரர்கள் யாரும் உயிரியல் படித்துக் காப்பாற்றவில்லை. பயந்து காப்பாற்றினார்கள். பச்சைக் கிளையை ஒடிக்கக் கூடாது, செருப்போடு நுழையக் கூடாது, விழுந்த சுள்ளியைப் பொறுக்கிப் பொங்கல் வைக்கலாம், வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது. மீறினால் சாமி கண்ணைக் குத்தும். வனக்காவலர் இல்லை, அபராத ரசீது இல்லை, காடு நின்றது. மூடநம்பிக்கை என்று இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனசு வருவதில்லை.

இப்போது பயம் போய்விட்டது, பக்தி பெருகிவிட்டது. சிக்கலே அங்கேதான். பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் திருப்பணிக்குத் தலைக்கட்டு வரி கேட்டு அறிவிப்பு வருகிறது. கூடவே ஒரு வண்ணப் படம்: முன்மண்டபம், கிரானைட் தரை, சுற்றுச்சுவர், கார் நிறுத்த இடம். திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பணம் வந்து விழுகிறது. எத்தனை மரம் போகும் என்பது மட்டும் எந்த மதிப்பீட்டிலும் இருப்பதில்லை. கும்பாபிஷேகத்தன்று தகரப் பந்தல் போட்டு, மின்விசிறி வைத்து, பிளாஸ்டிக் தம்ளரில் மோர் கொடுக்கிறோம். நிழல் கொடுத்துக்கொண்டிருந்த ஆலமரத்தை வெட்டிய இடத்தில்தான் அந்தப் பந்தல்!

சாமி கேட்டதா இதையெல்லாம்? உறையூர் வெக்காளியம்மனுக்கு இன்றைக்கும் கருவறைக்கு மேல் கூரை கிடையாது. மண்மாரியில் வீடிழந்த சனங்களோடு தானும் வெட்டவெளியில் இருப்பேன் என்று அவள் நின்றதாகத் தலக்கதை. அய்யனாருக்கோ ஊருக்கு வெளியே, கண்மாய்க் கரையில், மரத்தடியில் இருப்பதுதான் பிடித்திருந்தது. அவருக்குப் புரவி எடுப்பதில் ஓர் ஒழுங்கு இருந்தது. ஊரார் பிடிமண் கொடுப்பார்கள். வேளார் களிமண்ணில் குதிரை செய்து சுட்டுத் தருவார். பழைய குதிரை உடைந்து சரிந்து மண்ணோடு கிடக்கும்; அடுத்த எடுப்புக்குப் புதுசு வரும். இப்போது பல இடங்களில் சிமென்ட் குதிரை, மேலே எனாமல் பெயின்ட். அது மண்ணாகப் போவதும் இல்லை, வேளாருக்கு அடுத்த வருஷம் வேலை வைப்பதும் இல்லை.

பெரிய கோயில்களின் கதையும் ஒன்றும் விசேஷமில்லை. தில்லை என்ற பெயரையே மரத்திடம் வாங்கிய சிதம்பரத்தில் தில்லைக் காடு இல்லை; அதைப் பார்க்கப் பிச்சாவரம் சதுப்புநிலத்துக்குப் போக வேண்டும்.

நல்ல செய்தியும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் அழகர்மலைக் காப்புக்காட்டை அடுத்துள்ள காசம்பட்டி வீரகோயில் காட்டை, 2025-இல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மொத்தம் 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கர் சொச்சம். 2022-இல் மதுரை அரிட்டாபட்டிக்குக் கிடைத்ததற்கு அடுத்து, மாநிலத்தில் இரண்டாவது. ஆனால் அரசாணை எத்தனை ஊருக்கு வரும்? பெரும்பாலான கோயில்காடுகள் வரி கொடுக்கிற பங்காளிகளின் கையில்தான் இருக்கின்றன.

ஆடிக்கோ பங்குனி உத்திரத்துக்கோ குலதெய்வம் கும்பிடப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வரியை மறுக்க வேண்டாம். கொடுக்கும்போதே, மண்டபம் கட்டுவதானால் காட்டுக்கு வெளியே சாலையோரமாகக் கட்டுங்கள், ஒரு மரத்திலும் கை வைக்க வேண்டாம் என்று கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள். பணம் கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.