அள்ளும் மண் யாருக்கு?

“தோழர், துறைமுகத்துல தூர் வாருறதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? சேறு சேருது, அள்றாங்க. அள்ளலைன்னா கப்பல் தரை தட்டும். இதுல தலித் அரசியல் எங்க வருது?”

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் இப்படிக் கேட்டார். கொச்சிக்கும் அதற்குத் தெற்கே செல்லானத்துக்கும் போய்விட்டு வந்து, பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கும் அன்றைக்குக் கோர்வையாகப் பதில் வரவில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆணவக் கொலையும் மலக்குழிச் சாவும் பேசித் தீராத இடத்தில் கடலடிச் சேற்றைப் பற்றிப் பேசினால் யாருக்கும் கொஞ்சம் எரிச்சல் வரத்தான் செய்யும்.

என் பதிலை எங்க ஊர் ஏரியிலிருந்துதான் தொடங்க முடியும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது, கோடையில் ஏரி வற்றியதும் தமுக்கடித்துச் சொல்வார்கள். தமுக்கடிப்பவரும் சேரிதான். வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையும் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அப்பா போவார், பெரியப்பா போவார், ஆள் இல்லாத வீட்டில் ஆயா போகும். மதகு ஓரம் கிடக்கிற வண்டலை வெட்டித் தலையில் சுமந்து வந்து கரையில் நிற்கும் மாட்டு வண்டியில் கொட்டவேண்டும். வண்டி ஊர்க்காரன் கழனிக்குப் போகும். ஒருமுறை அம்மா, குடிசைத் தரை பள்ளமாகிக் கிடக்கிறது, நாலு கூடை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டது. “சேரிக்கு எதுக்குடி வண்டல்? நெல்லு நடப்போறியா?” என்றார் கரையில் குடை பிடித்து நின்றவர். அந்த ஐப்பசியில் எங்கள் வீட்டுக்குள் கணுக்கால் தண்ணி. அம்மா அடுப்பைத் திண்ணைக்குத் தூக்கி வைத்துச் சமைத்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இதற்குப் பேர் குடிமராமத்து. ஊர் கூடி நீர்நிலை காத்த மரபு என்று எழுதுகிறார்கள். கூடின ஊர் எது, குனிந்த சேரி எது என்று எழுதுவதில்லை. வெள்ளைக்காரன் சும்மா இருந்தானா? 1858-இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். ஏரிக்கரை, வாய்க்கால் வேலைக்கு ஆளை இழுத்து வர அதில் வழி இருந்தது.

2017-இல் அதே பழைய பெயரில் தமிழ்நாட்டு அரசின் திட்டம் மறுபடி வந்தது. இப்போது பொக்லைன் அள்ளுகிறது. நம் தலையில் கூடை இல்லை, அது நல்லதுதான். வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுக்கலாம் என்றும் அறிவித்தார்கள். ஆனால் எடுக்க அனுமதி வேண்டும். அனுமதிக்கு நிலத்தின் ஆவணம் வேண்டும். மண்ணின் அளவே ஏக்கர் கணக்கில்தான். வீட்டு உபயோகம், மண்பாண்டம் என்று விதியில் ஓரமாக இடம் இருக்கிறது. பெரிய பங்கு ஏக்கர் உள்ளவனுக்கு. அனுமதிச் சீட்டில் சாதி என்று ஒரு கட்டம் கிடையாது. பட்டா எண் என்ற கட்டமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

இந்தக் கண்ணோடுதான் நான் கொச்சிக் காயலைப் பார்த்தேன்.

1913-இல் கொச்சியில் புலையர்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கக் கூட நினைத்தபோது அவர்களுக்கு நிற்க நிலம் இல்லை. ராஜாவின் மண்ணில் அவர்கள் கூட்டம் போட முடியாது. அதனால் வள்ளங்களைக் காயலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வள்ளத்தோடு வள்ளத்தைக் கட்டி, பலகை போட்டு, தண்ணீர் மேலேயே கூட்டம் நடத்தினார்கள். தண்ணீர் ராஜாவின் மண் இல்லையே! பண்டிட் கருப்பன், கிருஷ்ணாதி போன்றவர்கள் முன்னின்ற அந்தக் கூட்டத்தைக் காயல் சம்மேளனம் என்கிறார்கள். அதற்கு முந்தைய வருஷம் அதே காயல் தீவான முளவுகாட்டில் பிறந்தவர்தான் தாட்சாயணி வேலாயுதன், அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே தலித் பெண்.

ஏழு வருஷம் கழித்து, 1920-இல், அதே தண்ணீருக்கு ராபர்ட் பிரிஸ்டோ என்ற இஞ்சினியர் வருகிறார். அனுப்பியது நம் சென்னை அரசாங்கம். கோட்டைக் கொச்சி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. முகத்துவாரத்தில் குறுக்கே கிடந்த மணல் திட்டை வெட்டிக் கப்பல் தடம் உண்டாக்குவது அவர் வேலை. 1928 மே மாதம் ‘பத்மா’ என்ற கப்பல் உள்ளே வந்தது. வெட்டிய மண் என்ன ஆயிற்று? வெண்டுருத்தித் தீவை ஒட்டிக் கொட்டி, சுமார் 780 ஏக்கர் புது நிலம் எழுப்பினார்கள். அப்போது வைஸ்ராயாக இருந்த, அதற்கு முன் சென்னை கவர்னராக இருந்த வில்லிங்டன் பெயரை அதற்கு வைத்தார்கள். துறைமுகம், ரயில் நிலையம், கடற்படை, பெரிய ஓட்டல் எல்லாம் அதன்மேல் வந்தன.

தோழர்களே, இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நிற்க நிலம் இல்லை என்று ஒரு சனம் தண்ணீரில் கூடுகிறது. அடுத்த இருபது வருஷத்தில் அதே தண்ணீரிலிருந்து 780 ஏக்கர் நிலம் முளைக்கிறது. யாருக்கும் பட்டா இல்லாத, புத்தம்புது மண். தாத்தன் சொத்து, கோயில் சொத்து, ஜமீன் சொத்து என்று சொல்ல வழியே இல்லாத மண். ஆனாலும் அதைப் பங்கு போடும்போது நிலமற்றவனின் ஞாபகம் வரவில்லை. இது யாரோ ஒரு கெட்டவன் செய்த சதி என்று நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை, அவ்வளவுதான்.

பிரிஸ்டோ விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். திட்டை வெட்டினால் வடகரையிலுள்ள வைப்பின் அரிக்குமா என்ற கவலை அப்போதே எழுந்தது. ஆராய்ந்து பார்த்து, கருங்கல் தடுப்புகள் போட்ட பிறகே வெட்டினார். ஏகாதிபத்திய இஞ்சினியர்தான். ஆனாலும் கரை என்னாகும் என்று முதலில் பார்த்தார். இன்றைய சட்டம் அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியதில்லை என்கிறது.

இங்கேதான் ‘பராமரிப்பு’ என்ற சொல் வருகிறது. துறைமுகக் காகிதங்களில் தூர்வாரல் இரண்டு வகை. புதிதாக ஆழப்படுத்துவது ஒன்று. ஏற்கெனவே தோண்டிய தடத்தில் சேர்ந்ததை அள்ளுவது இன்னொன்று. இரண்டாவதுதான் பராமரிப்பு. 2006-இன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2009 டிசம்பரில் ஒரு திருத்தம் செய்தார்கள். முதல் திட்டத்திலேயே பராமரிப்பும் அடங்கியிருந்து, அதற்கு நிர்வாகத் திட்டமும் சுற்றுச்சூழல் அனுமதியும் பெற்றிருந்தால், பிறகு செய்யும் பராமரிப்புத் தூர்வாரலுக்குத் தனி அனுமதி வேண்டாம். தனி அனுமதி இல்லையென்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. கல்யாணத்தன்று ஒருமுறை சம்மதம் கேட்டாச்சு, இனி ஆயுசுக்கும் கேட்க வேண்டாம் என்கிற மாதிரி.

வீடு கூட்டுகிற மாதிரி சின்ன வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 2011-இல் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் திறந்தபோது பெரிய கப்பல்களுக்காகக் கொச்சித் தடத்தை 14.5 மீட்டர் ஆழமாக்கினார்கள். கடலடியில் நீளமாக வெட்டிய பள்ளம் அது. மழைக்காலத்தில் கடல் கலங்கும்போது சேறு வந்து அதில் விழும். கரையோரமாக நகர்ந்து போகிற மணலும் அந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாமல் விழும். அதை ஆண்டுக்குச் சுமார் 2 கோடி கன மீட்டர் அள்ளுகிறார்கள். லாரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் 20 லட்சம் லாரி. தூர்வாரும் கப்பல் ஒரு பெரிய குழாயைத் தரையில் இழுத்துக்கொண்டே போய்ச் சேற்றை உறிஞ்சும். வயிறு நிறைந்ததும் வெளிக்கடலுக்குப் போய் அடிக்கதவைத் திறந்து கொட்டிவிட்டுத் திரும்பும். ஒவ்வொரு வருஷமும் இதே வேலை. செலவு நூறு கோடியைத் தாண்டும்.

தடத்துக்குத் தெற்கே செல்லானம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவில் ஒரு கீற்று நிலம். 2021 மே மாதம் டவ்தே புயலின்போது கடல் வீடுகளுக்குள் புகுந்த படங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2019 அக்டோபரிலிருந்தே அந்த ஜனங்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். நான் பேசிய ஒரு சேச்சி, பழைய வீட்டின் அஸ்திவாரக் கல்லைக் காட்டினார். அது நின்ற இடத்தில் அலை வந்து போய்க்கொண்டிருந்தது. “கடல் எடுத்தது பாதி மோனே. மீதியைக் கப்பல் எடுத்துட்டுப் போகுது” என்றார்.

அவர் சொன்னதை அப்படியே விஞ்ஞானமாக எடுத்துக்கொள்ள முடியாது. அரிப்புக்குத் தூர்வாரல் எவ்வளவு காரணம், மீன்பிடித் துறைமுகத்தின் கல்சுவர் எவ்வளவு, கடல் மட்டம் உயர்வது எவ்வளவு என்று வாதம் இருக்கிறது. அள்ளுவதில் பெரும்பகுதி சேறு, கரைக்குப் போடத் தக்க மணல் குறைவு என்பதும் ஒரு வாதம். இருக்கட்டும். சேறு எவ்வளவு, மணல் எவ்வளவு, மணலை மட்டும் பிரித்துக் கரைக்குத் தர முடியுமா என்பதை அந்த ஜனங்களை உட்காரவைத்து வருஷா வருஷம் கணக்குக் காட்டினால் வாதம் தீரும். கணக்குக் காட்டவேண்டிய இடம் அனுமதி. அந்த இடத்தைத்தான் திருத்தம் எடுத்துவிட்டது. ஒருபக்கம் மண்ணைக் கடலில் கொட்டக் காசு. மறுபக்கம் செல்லானத்தில் 7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நாலுகால் கான்கிரீட் கட்டைகளை அடுக்க 344 கோடி. கட்டை போட்ட இடத்தில் கடல் அடங்கியிருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். போடாத வடக்குப் பகுதிக்காரர்கள் எங்களுக்கு எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

செல்லானத்தில் பெரும்பாலோர் லத்தீன் கத்தோலிக்க மீனவர்கள். தலித் பிரச்சினை என்று எப்படி எழுதலாம் என்று சிலர் கேட்பார்கள். கரைக்குப் பின்னால் பொக்காளி வயல் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் அந்த வயலில் தலைமுறையாகச் சேற்றில் நின்றவர்கள் புலையர்கள். கடல் உள்ளே வந்தால் அவர்கள் வீட்டு வாசலுக்கும் வரும். அது ஒன்று. மற்றொன்று, கரையில் இருப்பவன் நம் சாதியாக இருந்தால்தான் பேசுவோம் என்றால் நாமும் பட்டா எண் கேட்கிற ஆபீசர்தான்.

அதே வல்லார்பாடம் முனையத்துக்கு ரோடும் ரயிலும் போட 2008 பிப்ரவரி 6-இல் மூலம்பள்ளியில் வீடுகளை இடித்தார்கள். முளவுகாடு உட்பட அந்தத் திட்டத்தில் வீடிழந்தவை மொத்தம் 316 குடும்பங்கள். பலருக்கு மாற்றாகக் கொடுத்த மனை சதுப்பு. கட்டிய வீடு சாய்ந்தது. கப்பலுக்கு வேண்டுமென்றால் தண்ணீரைத் தூர்த்துக் கெட்டி மண்ணாக்கத் தெரிகிறது. வீடிழந்தவனுக்கு மட்டும் மண் சேறாகவே இருக்கிறது.

நாமும் யோக்கியமில்லை. 2005 ஜூலையில் மதுரையில் சேதுசமுத்திரத் திட்டம் தொடங்கியபோது இங்கே நடந்த சண்டை என்ன? ராமர் கட்டிய பாலமா, வெறும் மணல் திட்டா! பகுத்தறிவுப் பக்கம் நின்று நானும் துண்டறிக்கை கொடுத்திருக்கிறேன். அள்ளிய மண் எங்கே போகும், வெட்டிய கால்வாய் மறுபடி தூர்ந்தால் வருஷா வருஷம் யார் அள்ளுவது, வலை போடுகிறவன் எங்கே போவான் என்று மீனவர்கள் கேட்டது எங்கள் மேடைக்கு எட்டவில்லை. 2007-இல் உச்ச நீதிமன்றத் தடை வந்தது ராமருக்காக. மீனவருக்காக இல்லை.

தூர்வாரவே கூடாது என்பது என் வாதம் இல்லை. முகத்துவாரம் அடைத்தால் கப்பலுக்கு முன்னால் சின்ன வள்ளக்காரன்தான் மாட்டிக்கொள்வான். துறைமுகத்தில் நம் ஆட்களும் கூலிக்கு நிற்கிறார்கள். அனுமதி கொடுக்கட்டும். ஆனால் ஆயுசுக்கும் ஒரே கையெழுத்து என்பது போகவேண்டும். சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் அனுமதியாக இருக்கவேண்டும். புதுப்பிக்கும் முன் கரையில் உள்ள ஊரில், அவர்கள் மொழியில், கருத்துக் கேட்கவேண்டும். எவ்வளவு ஆழம் என்பதோடு அள்ளும் மண் எங்கே போகிறது, அதனால் நிலம் எழுந்தால் யாருக்கு என்பதும் அந்தக் காகிதத்தில் எழுதப்படவேண்டும். நிலமற்றவருக்கும் கரையிழந்தவருக்கும் அதில் முதல் உரிமை என்று கேட்பது பஞ்சமி நிலம் கேட்டதிலிருந்து வேறான கோரிக்கை இல்லை. சட்டம் படிக்கிற தோழர்கள் அந்த 2009 திருத்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். சின்னதுதான்.

கேள்வி கேட்ட மாணவரும் நானும் இப்போது ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். வரும் கோடையில் எங்க ஏரியில் வண்டல் அனுமதி கொடுக்கும்போது, விதியில் ஓரமாகக் கிடக்கிற ‘வீட்டு உபயோகம்’ என்ற சொல்லைப் பிடித்து, சேரி மனைகளை மேடாக்க மண் கேட்கப் போகிறோம். அறுபத்தி மூன்று வீடு. கையெழுத்து வாங்கப் போனபோது அம்மா, “அந்த நாலு கூடையையும் சேத்து எழுதுடா” என்றது. சேர்த்து எழுதியிருக்கிறோம். தாசில்தார் ஆபீசில் பட்டா நகல் எங்கே என்று கேட்பார்கள். என்ன சொன்னார்கள் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன்.