பிறப்பிலேயே எழுதப்படும் பிரீமியம்: மரபணுச் சோதனையும் ஆயுள் காப்பீடும்

ஆயுள் காப்பீட்டு விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர்கள் அதில் ஒரு சிறு அட்டவணையைப் பார்த்திருப்பார்கள். தந்தை, தாய், உடன்பிறந்தோர் உயிருடன் இருக்கிறார்களா, இருந்தால் வயது என்ன, உடல்நிலை எப்படி. இறந்திருந்தால் எந்த வயதில், எந்தக் காரணத்தால் என்று அது கேட்கும். முகவர் இரண்டு நிமிடத்தில் எழுதி முடித்துக் கையொப்பம் வாங்கிச் செல்லும் அந்த அட்டவணைதான் காப்பீட்டுத் துறையின் மிகப் பழைய மரபணுச் சோதனை. தந்தை நாற்பது வயதில் மாரடைப்பில் இறந்திருந்தால், மகன் நல்ல உடல்நலத்தோடு இருந்தாலும் அவனுக்குரிய பிரீமியம் உயரக்கூடும். பெற்றோரின் மரணத்திற்கு மகன் கட்டணம் செலுத்துகிறான்.

இப்போது அந்த அட்டவணையின் இடத்தை ஒரு துளி ரத்தம் பிடித்துக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. 2003இல் நிறைவுற்ற மனித மரபணுத் தொகுதித் திட்டம் சுமார் 270 கோடி டாலர் செலவில் செய்த வேலையை, இன்று ஒரு தனிநபருக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவான செலவில் செய்ய முடிகிறது. அறிவியலின் இந்தப் பாய்ச்சல் மனிதகுலத்தின் சொத்து. நோயை முன்கூட்டியே அறியவும், தடுக்கவும், தகுந்த மருந்தைத் தேர்ந்தெடுக்கவும் அது உதவுகிறது. அந்த அறிவு யாருடைய கையில், எந்த நோக்கத்திற்காகப் பயன்படப் போகிறது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

சோதனை சொல்வதும் சொல்லாததும்

மரபணுச் சோதனையின் முடிவு சோதிடம் அல்ல. ஹண்டிங்டன் போன்ற அரிய நரம்பு நோய்களில், முழுமையாகச் செயல்படும் பிறழ்வு இருந்தால் என்றேனும் ஒருநாள் நோய் வருவது ஏறத்தாழ உறுதி. பிஆர்சிஏ மரபணுக்களில் உள்ள பிறழ்வு மார்பகப் புற்றுநோய், கருப்பைச் சினைப்பைப் புற்றுநோய் ஆகியவற்றின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஆனால் அதைச் சுமக்கும் பெண்களில் ஒரு பகுதியினருக்கு அந்நோய் வருவதே இல்லை. தலசீமியா அல்லது அரிவாள் செல் மரபணுவின் ஒற்றைப் பிரதியை மட்டும் சுமப்பவர்கள் பெரும்பாலும் நோயின்றியே வாழ்ந்து முடிக்கிறார்கள். சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு, பெரும்பாலான இதய நோய்கள் ஆகியவற்றில் பல மரபணுக்களோடு உணவு, உழைப்பு, உறைவிடம், காற்று, வருமானம் எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

இந்த வேறுபாடுகள் மருத்துவருக்கு முக்கியமானவை. லாபத்தைக் கணக்கிடுபவருக்கோ இவை எல்லாம் 'ஆபத்து' என்ற ஒரே தலைப்பின் கீழ் வந்துவிடும். ஆலைத் தூசியில் நுரையீரல் கெட்ட தொழிலாளியிடம் முதலாளியின் பொறுப்பைப் பேசாமல், அவரது மரபணுவில் குறை தேடும் பாதையும் இங்கிருந்துதான் திறக்கிறது.

அமெரிக்கா தந்த எச்சரிக்கை

மனிதரைப் பிறப்பின்படி பிரித்து விலை போடும் காப்பீட்டுக் கணக்கு புதிதல்ல. அமெரிக்காவின் புருடென்ஷியல் நிறுவனம் 1881இல், கறுப்பின மக்கள் அதே பிரீமியத்தைக் கட்டினாலும் வெள்ளையரைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே பலன் பெறுவர் என்று முடிவு செய்தது. அந்நிறுவனத்தின் புள்ளியியலாளர் பிரெடரிக் ஹாஃப்மன் 1896இல் வெளியிட்ட நூல், கறுப்பின மக்களின் அதிக இறப்பு விகிதத்திற்கு அவர்களின் 'இன இயல்பே' காரணம் என்று வாதிட்டது. அடிமைமுறையும் வறுமையும் நெரிசல் குடியிருப்புகளும் அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

1970களின் தொடக்கத்தில் அங்கு அரிவாள் செல் பரிசோதனை பெருமளவில் நடந்தது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய அந்தத் திட்டத்தின் விளைவாக, நோயே இல்லாத, மரபணுவை மட்டும் சுமந்த கறுப்பின மக்கள் பலருக்குக் காப்பீடு மறுக்கப்பட்டது அல்லது பிரீமியம் உயர்த்தப்பட்டது. விமானப்படைப் பயிற்சிக் கழகம் 1981 வரை அவர்களைச் சேர்க்க மறுத்தது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் தன் கறுப்பின ஊழியர்களின் ரத்தத்தை அவர்கள் அறியாமலே அரிவாள் செல்லுக்காகச் சோதித்தது என்ற வழக்கு 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது.

நம் நாட்டில்

இந்தியாவில் அரிவாள் செல் மரபணு முதன்முதலில் 1952இல் நீலகிரி மலைப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. இன்று அது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா, மகாராஷ்டிரம், குஜராத் எனப் பழங்குடி மண்டலங்கள் எங்கும் பரவியிருப்பது தெரியும். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் ஒன்றிய அரசு தொடங்கிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம், நாற்பது வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. சோதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களின் மரபணு நிலையைக் காட்டும் அட்டைகள் வழங்கப்படுகின்றன.

சோதனை தேவை, சிகிச்சை அதைவிடத் தேவை. ஆனால் கோடிக்கணக்கான ஆதிவாசி மக்களின் கையில் மரபணு அட்டையைக் கொடுக்கும் அரசு, அந்த அட்டையை எந்தக் காப்பீட்டு நிறுவனமும், எந்த முதலாளியும் கேட்கக்கூடாது என்று ஒரு சட்டத்தை இதுவரை கொண்டுவரவில்லை. நிலத்தையும் காட்டையும் இழந்த மக்கள், தம் ரத்தம் பற்றிய செய்தியையும் சந்தைக்கு இழக்க வேண்டுமா?

இதில் சாதியின் பங்கையும் மறக்கக்கூடாது. சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அண்ணல் அம்பேத்கர் 1916இலேயே சுட்டிக்காட்டினார். நூற்றாண்டுகளாகத் தம் குழுவுக்குள்ளேயே மணம் முடித்த சமூகங்களில் சில மரபணுப் பிறழ்வுகள் செறிந்து கிடக்கின்றன. எனவே இந்நாட்டில் மரபணுவைப் பார்த்துப் பிரீமியம் நிர்ணயிப்பது, பல இடங்களில் சாதியையும் பழங்குடியையும் பார்த்து நிர்ணயிப்பதாகவே முடியும். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு முன்வாசலில் தடுத்ததை, கணினிக் கணக்கு கொல்லைப்புறமாக உள்ளே கொண்டுவரும்.

ஓட்டை நிறைந்த பாதுகாப்பு

மருத்துவக் காப்பீட்டில் இப்பிரச்சனை ஏற்கெனவே நீதிமன்றத்தை எட்டியுள்ளது. பரம்பரை இதயத் தசை நோய் கொண்ட பாலிசிதாரர் ஒருவருக்கு, 'மரபணு நோய்களுக்குக் காப்பீடு இல்லை' என்ற நிபந்தனையைக் காட்டி மருத்துவச் செலவு மறுக்கப்பட்டது. டெல்லி உயர்நீதிமன்றம் 2018 பிப்ரவரி 26 அன்று, மரபணு நோய்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக விலக்கும் இத்தகைய நிபந்தனை பாரபட்சமானது, 14ஆவது பிரிவுக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், மரபணு நோயைக் காரணம் காட்டி மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை நிராகரிக்கக்கூடாது என்று சுற்றறிக்கை விடுத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பின் பொதுவான அறிவிப்புப் பகுதிக்கு உச்சநீதிமன்றம் பின்னர் இடைக்காலத் தடை விதித்தது. அவ்வழக்கில் பாலிசிதாரரை எதிர்த்து நின்றது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. போட்டிச் சந்தையில் தள்ளப்பட்ட பொதுத்துறையும் தனியாரின் மொழியையே பேசத் தொடங்கும்.

ஆயுள் காப்பீட்டுக்கு இந்த அரைகுறைப் பாதுகாப்பும் இல்லை. 2019இல் கொண்டுவரப்பட்ட தரவுப் பாதுகாப்பு மசோதா, மரபணுத் தரவைத் தனிக் கவனத்திற்குரிய நுண்ணிய தரவாக வகைப்படுத்தியிருந்தது. 2023இல் நிறைவேற்றப்பட்ட சட்டத்தில் அந்த வகைப்பாடே நீக்கப்பட்டது. 'ஒப்புதல்' பெற்றால் போதும் என்கிறது சட்டம். கையொப்பமிடாவிட்டால் பாலிசி இல்லை என்ற நிலையில் பெறப்படும் ஒப்புதல் எத்தகைய ஒப்புதல்?

பிற நாடுகள் சும்மா இருக்கவில்லை. கனடா 2017இல் சட்டம் இயற்றி, எந்த ஒப்பந்தத்திற்கும் மரபணுச் சோதனையை நிபந்தனையாக்குவதைக் குற்றமாக்கியது. காப்பீட்டுத் துறையின் எதிர்ப்பை மீறி அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2020இல் அதை உறுதிசெய்தது. ஆயுள் காப்பீட்டில் மரபணுச் சோதனை முடிவுகளைப் பயன்படுத்தத் தடை விதிப்பதாக ஆஸ்திரேலிய அரசு 2024 செப்டம்பரில் அறிவித்தது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டமோ மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டும் காத்து, ஆயுள் காப்பீட்டை வெளியே விட்டுவிட்டது. அந்த ஓட்டையைப் புளோரிடா மாநிலம் 2020இல் தன் எல்லைக்குள் அடைத்தது. பாதிச் சட்டம் பாதிப் பாதுகாப்பையே தரும் என்பதே இதன் பாடம்.

நிறுவனங்களின் வாதம்

காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு வாதத்தை முன்வைக்கின்றன. தனக்கு நோய் வரும் என்று சோதனையில் அறிந்தவர் அதை மறைத்துப் பெருந்தொகைக்குப் பாலிசி எடுப்பார், ஆரோக்கியமானவர்கள் விலகுவார்கள், நிதியம் நொடிந்து போகும் என்பது அந்த வாதம். இதை ஏளனமாக ஒதுக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

விரும்பியவர் மட்டும் சேரும் தனிநபர் சந்தையில்தான் இந்த ஆபத்து எழுகிறது. எல்லோரும் சேர்ந்த நிதியத்தில் அது மறைந்துவிடுகிறது. வருங்கால வைப்புநிதியில் உள்ள தொழிலாளிக்கு 1976 முதல் வைப்புநிதி இணைப்புக் காப்பீடு இருக்கிறது. பணியிலிருக்கும்போது இறந்தால் குடும்பத்திற்கு 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். தொழிலாளி தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. மருத்துவச் சோதனை இல்லை. தந்தை எப்படி இறந்தார் என்று எவரும் கேட்பதில்லை. மோடி அரசு தன் சாதனையாக விளம்பரப்படுத்தும் ஜீவன் ஜோதி திட்டத்திலும் 18 வயதுக்காரருக்கும் 50 வயதுக்காரருக்கும் ஒரே பிரீமியம், ஆண்டுக்கு 436 ரூபாய். மருத்துவப் பரிசோதனை கிடையாது. அப்படியானால் ஆளைச் சோதிக்காமல் காப்பீடு தர முடியும் என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஏழைக்கு 2 லட்சம் ரூபாயோடு அது நின்றுபோவது கணக்கியலால் அல்ல, அரசியலால்.

விபத்துகளுக்கும் இயற்கைப் பேரிடர்களுக்குமான காப்பீட்டு நிதியைச் சமூக உற்பத்தியிலிருந்தே ஒதுக்க வேண்டும் என்று மார்க்ஸ் 1875இல் கோதா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனத்தில் எழுதினார். ஒருவருக்கு வரும் இழப்பைப் பலரும் தாங்குவதே காப்பீட்டின் உயிர். ஆபத்து உள்ளவரைக் கண்டுபிடித்து வெளியேற்றுவதில் ஒரு நிறுவனம் எவ்வளவு திறமை பெறுகிறதோ, அவ்வளவுக்கு அது காப்பீடாக இருப்பதை நிறுத்துகிறது.

எல்ஐசி எதற்காகப் பிறந்தது?

1956இல் 245 தனியார் நிறுவனங்களும் சங்கங்களும் தேசியமயமாக்கப்பட்டு எல்ஐசி உருவானது, மக்களின் சேமிப்பைச் சூறையாடலிலிருந்து காக்கவும், காப்பீட்டைக் கிராமங்களுக்குக் கொண்டுசெல்லவும்தான். குறைந்த பிரீமியப் பாலிசி ஒன்றை அரசு மற்றும் பெரிய நிறுவன ஊழியர்களுக்கு மட்டும் எல்ஐசி ஒதுக்கியபோது, 1995இல் உச்சநீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஆயுள் காப்பீடு சாதாரண மக்களுக்கும் எட்ட வேண்டிய சமூகப் பாதுகாப்பு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

அந்தத் திசைக்கு நேர் எதிராகவே கால் நூற்றாண்டு கடந்திருக்கிறது. அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதத்திலிருந்து 49, 74 என்று ஏறி, 2025இல் 100 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எல்ஐசியின் 3.5 சதவீதப் பங்குகள் 2022 மே மாதம் சந்தையில் விற்கப்பட்டன. உலகெங்கும் மனிதரைத் தரம் பிரித்து லாபம் பார்த்துப் பழகிய நிதிமூலதனம் முழு உரிமையோடு நுழையும்போது, மரபணுவை மட்டும் விட்டுவைக்கும் என்று நம்ப இடமில்லை.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆயுள், மருத்துவம் உள்ளிட்ட எல்லாக் காப்பீட்டிலும், வேலைவாய்ப்பிலும் மரபணுச் சோதனையைக் கேட்பதையும் அதன் முடிவைப் பயன்படுத்துவதையும் நாடாளுமன்றச் சட்டத்தால் தடை செய்ய வேண்டும். குடும்ப மருத்துவ வரலாற்றைக் கொண்டு பிரீமியத்தை உயர்த்துவதும் அத்தடைக்குள் வர வேண்டும். இல்லையேல் முன்கதவை மூடிச் சன்னலைத் திறந்துவைத்த கதையாகிவிடும்.

அரிவாள் செல் இயக்கத்தில் சேகரிக்கப்படும் தரவு சிகிச்சைக்கு மட்டுமே பயன்பட வேண்டும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் மரபணுத் தரவுக்குத் தனிப் பாதுகாப்பு மீண்டும் சேர்க்கப்பட வேண்டும்.

எல்ஐசி பங்கு விற்பனையைக் கைவிட்டு, முறைசாராத் தொழிலாளர் உட்பட உழைக்கும் மக்கள் அனைவருக்கும் வைப்புநிதிக் காப்பீட்டிற்கு இணையான பொதுக் காப்பீடு வழங்கப்பட வேண்டும்.

இது நிபுணர்கள் மட்டும் பேசவேண்டிய விஷயம் என்று தோழர்கள் ஒதுங்கிவிடக்கூடாது. காப்பீட்டு ஊழியர்களும், முகவர்களும், ஆதிவாசி அமைப்புகளும், மருத்துவப் பணியாளர்களும் ஒரே மேடையில் நிற்கக்கூடிய பிரச்சனை இது. சோதனை செய்துகொண்டால் தன் பிள்ளைக்குக் காப்பீடு கிடைக்காதோ என்று அஞ்சி ஒரு தாய் மருத்துவமனையிலிருந்து திரும்பிப் போகும் நிலை வருமானால், அங்கே தோற்பது அந்தத் தாய் மட்டுமல்ல, அறிவியலும்தான். அந்த நிலை வருமுன்பே தொழிற்சங்கக் கூட்டங்களிலும் கிளைக் கூட்டங்களிலும் இதை விவாதத்திற்குக் கொண்டுவருவோம்.