மேடைக்கு எந்த வர்ணம்?

கிராமத்துப் பூர்வீக வீட்டைப் பாகப் பிரிவினைக்குப் பின் இடித்தபோது, மச்சில் பரப்பியிருந்த தேக்குப் பலகைகளில் இருபத்திரண்டு நம் பங்குக்கு வந்தன. அவற்றைக் கொண்டுவந்து, ஆசாரியின் உதவியால் கொல்லைப்புறத்தில் முழங்கால் உயர மேடை ஒன்று அமைத்தோம். ‘டெக்’ என்று இக்காலத்தில் இதற்குப் பெயராம். நம் தாயார் திண்ணை என்றே சொல்லிவிட்டார். கீரை ஆய்வதெல்லாம் இப்போது அங்கேதான்.

வெயிலும் மழையும் நேரே படும் இடம். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த நிறமற்ற வார்னிஷை, விடுமுறையில் நாமே பூசினோம். கண்ணாடிபோல் மின்னிற்று. ஐப்பசி அடைமழையும் மறு கோடையும் கழிந்த பிறகு பார்த்தால், வெங்காயச் சருகுபோல் உரிந்து கிடந்தது. கடைக்காரர் மரத்தைப் பழித்தார். ஆசாரி வார்னிஷைப் பழித்தார்.

வகுப்பில் ஒளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம்தான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மரத்தின் நார்களைப் பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்னும் பொருள். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் அதைச் சிதைத்துவிடும். நிறமற்ற வார்னிஷ் அக்கதிர்களில் பெரும் பகுதியைத் தடுப்பதில்லை. அடியிலுள்ள மரமே நைந்துபோனால், மேற்படலம் எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? ஆகையால் சாயத்திலுள்ள நிறம் அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. அந்தத் துகள்களே மரத்துக்குக் குடை.

எந்த நிறம் என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. நம் இல்லாள் கருங்காலி நிறமே கம்பீரம் என்றாள். மூத்த பையன் எங்கோ படத்தில் கண்ட சாம்பல் நிறத்தைக் கேட்டான். தேக்கைச் சும்மா விட்டாலே வெயிலில் தானாக அந்த நிறத்துக்கு வந்துவிடும். அதற்குக் காசு கொடுப்பானேன்?

கடையின் மாதிரி அட்டையை நாம் நம்பவில்லை. அதில் சாயம் வெளிறிய மரத்தின்மேல் இருந்தது. நம்முடையது பழுத்த தேக்கு. மரத்தின் சொந்த நிறமும் சாயமும் சேர்ந்தல்லவா கண்ணுக்குத் தெரியும்? அறுத்த பலகைத் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்து, மூன்று சாயங்களைப் பூசி, காய்ந்தபின் வெயிலில் வைத்தோம். பிற்பகல் இரண்டு மணிக்குக் கருநிறத் துண்டின்மேல் உள்ளங்காலை வைத்த இல்லாள் உடனே இழுத்துக்கொண்டாள்.

“அம்மா செருப்பில்லாமல் நடப்பார்களே!” என்றாள்.

நீரிழிவினால் தாயாருக்குப் பாதங்களில் உணர்ச்சி குன்றிவிட்டது. சுட்டாலும் உடனே தெரியாது. கொப்புளம் கண்டபிறகுதான் தெரியும். கருநிறத்தின் பேச்சு அத்துடன் முடிந்தது. சற்று வெளிறிய செம்பழுப்பு நிறம் வென்றது. ஆனாலும் உச்சி வெயிலில் அதுவும் சுடத்தான் செய்கிறது; வாசற்படியருகே ஒரு ஜோடி செருப்பு நிரந்தரமாக வைத்திருக்கிறோம்.

இச்செம்மையைத் தருவது இரும்பு ஆக்ஸைடு. நம் வீடுகளில் கோலத்துக்குக் கரையிடும் காவி மண்ணுக்கு நிறம் தருவதும் அதுவே. சில சாயங்களைப்போல் அது வெயிலில் எளிதில் வெளுப்பதில்லை. ஸ்வீடன் தேசத்து மர வீடுகளின் புகழ்பெற்ற சிவப்பும் இதே சரக்குதான். பாலூன் செம்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து எடுப்பது. 1992-இல் சுரங்கத்தை மூடிய பின்னும் அந்தச் சிவப்பு ஓயவில்லை.

பழைய வார்னிஷை முழுதும் சுரண்டி, தேக்கின் இயற்கை எண்ணெய்ப் பசையைத் துணியும் தின்னருமாகத் துடைத்து, எண்ணெய்ச் சாயத்தை ரேகையின் போக்கிலேயே மெல்லிதாகப் பூசினோம். மரம் குடித்தது போக மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும், தேங்கினால் பிசுபிசுக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுகிறோம். ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயத்தைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். காயும்போது அது தானே சூடேறி, நெருப்புக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் உலர்த்துங்கள். அல்லது வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

மூன்றாம் நாள் மாலை தாயாரை அழைத்துவந்து உட்கார வைத்தோம். சாயம் மரத்தை மூடிவிடாத வகையாதலால், ரேகைகளுடன் ஓரப் பலகையில் இருந்த பழைய உளிக் கீறல்களும் தெளிந்து தெரிந்தன. தாயார் விரலால் தடவிப் பார்த்தார்.

“உங்க தாத்தா நெல் மூட்டைக்குப் போட்ட கணக்குடா இது” என்று சொல்லி, ஒன்று, இரண்டு என எண்ண ஆரம்பித்தார்.